டர்போ மேல பழி போடுறதுக்கு முன்னாடி

டீசல் கார் வச்சிருக்கிறவங்க கேட்கவே பயப்படுற வாக்கியம் ஒண்ணு இருக்கு: "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்." சொல்றவருக்கு அரை நிமிஷ வேலை. கேட்கிறவருக்கு வயித்துல புளியைக் கரைக்கும். பழைய வண்டியா இருந்தா, வித்தா என்ன வரும்னு மனசுக்குள்ள கணக்கு ஓட ஆரம்பிச்சிடும்.

வண்டி இழுக்கலை, பிக்கப் இல்லை, கரும்புகை தள்ளுது, மீட்டர்ல மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியுது. இந்த நாலும் சேர்ந்து வந்தா டர்போதான் குற்றவாளின்னு பல இடங்கள்ல தீர்ப்பு எழுதிடறாங்க. அதே நாலும் ஒரு ரப்பர் ஹோஸ் கிழிஞ்சாலும் வரும். ஒரு கிளாம்ப் நழுவினாலும் வரும். அதனால என் கட்சி இதுதான்: காத்து எங்கே தப்பிக்குதுன்னு அழுத்தம் வச்சுப் பார்க்காம டர்போ மேல யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது.

இப்போ இதை எழுதக் காரணம் என் மாமனாரோட வண்டி. 1.3 லிட்டர் டீசல் எஞ்சின், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினது. குன்னூர்ல அவருக்குச் சொந்தக்காரங்க அதிகம், அதனால மேட்டுப்பாளையம் மலைப்பாதை அவருக்குத் தெருமுனைக் கடை மாதிரி. "மாப்பிள்ள, பர்லியாறு தாண்டுனா வண்டி ஏற மாட்டேங்குது, ரெண்டாவது கியருக்கு மேல போடவே முடியல"ன்னார். சமவெளியில, அவினாசி ரோட்டுல, குறையே தெரியாது. ஒரு ஒர்க் ஷாப்ல பானெட்டைத் திறந்து பார்த்துட்டு டர்போ மாத்தச் சொல்லி எஸ்டிமேட்டும் எழுதிக் கொடுத்துட்டாங்க. கழட்டிப் பார்க்கலை, ஸ்கேன்கூடப் போடலை.

நான் பம்ப் ஃபேக்டரியில வேலை செய்றவன். கோவையில பம்ப் பாடி ஒண்ணு வார்ப்படத்துல இருந்து வந்தா, அழுத்தம் கொடுத்து ஒழுகுதான்னு பார்க்காம அடுத்த மேஜைக்குப் போகாது. அந்தப் பழக்கமோ என்னமோ, ஒழுக்கைக் கண்ணால பார்க்காம முடிவு சொல்றவங்களை எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

முதல்ல காத்து போற வழியைப் பார்த்துடலாம். ஏர் ஃபில்டர், அதை ஒட்டி ஏர் ஃப்ளோ சென்சார், அங்கிருந்து ஒரு குழாய் டர்போவோட வாய்க்கு. டர்போவுல ஒரே தண்டுல ரெண்டு சக்கரம். ஒண்ணைச் சைலன்சருக்குப் போற சூட்டுப்புகை சுத்துது, இன்னொண்ணு காத்தை அமுக்குது. 1905ல ஆல்ஃபிரெட் பூஹிங்கிற சுவிஸ் எஞ்சினியர் காப்புரிமை வாங்கின யோசனை. இன்னைக்குச் சின்ன கார்ல இருக்கிற டர்போகூட நிமிஷத்துக்கு ஒரு லட்சம், ரெண்டு லட்சம் சுத்துன்னு ஓடுது. அமுக்கின காத்து 100 டிகிரிக்கு மேல சூடாயிடும். அதைப் பம்பருக்குப் பின்னாடி இருக்கிற இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ் கொண்டுபோகுது. ஆறின காத்தை இன்னொரு ஹோஸ் எஞ்சினோட இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கொண்டுவருது. ஒவ்வொரு இணைப்பிலயும் ஒரு கிளாம்ப்போ, ஓ-ரிங்கோ, கேஸ்கெட்டோ இருக்கும். ஒழுகறதுக்கு இடமா இல்லை?

எவ்வளவு காத்துன்னு ஒரு ஏட்டுக்கணக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தன் கொள்ளளவு காத்தை இழுக்கும். 1.3 லிட்டர் எஞ்சின் 3000 சுத்துல ஓடினா நிமிஷத்துக்கு 1950 லிட்டர். டர்போ அதை ரெண்டு மடங்கு அழுத்தத்துல திணிச்சா, வெளிக்காத்துக் கணக்குல நாலாயிரம் லிட்டருக்குக் கிட்ட வரும். இவ்வளவு ஓட்டத்துல ஒரு நகக்கண் அளவு கிழிசல் என்ன செஞ்சிடும்னு தோணும். ஐடில்ல ஒண்ணும் செய்யாது. அங்கேதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஒர்க் ஷாப்ல வண்டி நிக்கும்போது, ஹோஸுக்குள்ள இருக்கிற அழுத்தமும் வெளி அழுத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிழிசலோட ரெண்டு உதடும் ஒட்டிக்கிட்டு இருக்கும். மலை ஏறும்போது உள்ளே 1 பார் கூடுதலா வந்ததும் ரப்பர் உப்பும், கிழிசல் வாய் பிளக்கும். நிறுத்திட்டு இறங்கிப் பார்த்தா திரும்ப மூடியிருக்கும்.

ஓட்டை எந்த இடத்துலங்கிறதைப் பொறுத்து நோய் மாறும். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதித் தேடல் முடிஞ்சது.

சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவுல ஓட்டைன்னா, அந்தப் பகுதி எப்பவும் உறிஞ்சற பகுதி. காத்து வெளியே போகாது, உள்ளே வரும். ஃபில்டரைத் தாண்டாத காத்து. இழுவை பெரிசாக் குறையாததால யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா அந்த வழியா வர்ற மணல் துகள், லட்சம் சுத்துல ஓடற அலுமினியச் சக்கரத்தோட விளிம்பைச் சுரண்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர். எனக்கு எல்லா லீக்லயும் பயமானது இதுதான், சத்தமே போடாது.

டர்போவுக்கு அப்புறம் ஓட்டைன்னா, சென்சார் கணக்கெடுத்த காத்து எஞ்சினுக்குப் போய்ச் சேராது. டீசல்ல எரிபொருள் வந்துடும், எரிக்கக் காத்து பத்தாது. கரும்புகை. ஆக்சிலேட்டரை மிதிச்சா 'உஸ்ஸ்'னு ஒரு சீறல், சில சமயம் விசில். கொஞ்ச நேரம் பார்த்துட்டு வண்டியோட கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாத்த வேகத்தைக் கட்டிப்போடும். அதைத்தான் லிம்ப் மோட்ங்கிறாங்க. சாவியை அணைச்சுப் போட்டா பல வண்டிகள்ல சரியாயிடும், அடுத்த மேடு வரைக்கும்.

டர்போ பெட்ரோல்ல கதை இன்னும் ருசியானது. பெட்ரோல் எஞ்சின்ல த்ராட்டில் தட்டு இருக்கிறதால, ஐடில்ல இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள வாக்குவம். மிதிச்சா அதே இடத்துல அழுத்தம். அதனால மேனிஃபோல்டு கேஸ்கெட்டுல ஒரு ஓட்டை இருந்தா, ஐடில்ல அது உறிஞ்சும், ஏத்தத்துல ஊதும். கணக்குல வராத காத்து உள்ளே வர்றப்போ கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். கணக்கெடுத்த காத்து வெளியே போறப்போ குறைக்கப் பார்க்கும். ஸ்கேனர்ல ஃப்யூவல் ட்ரிம்னு ஒரு எண் வரும் பாருங்க, அது ஐடில்ல பிளஸ் 15, பிளஸ் 20ன்னு நின்னு, 2500 சுத்துல பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தா மேனிஃபோல்டு பக்கம் போய்த் தேடுங்க. பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், பிசிவி வால்வு, ஆயில் மூடி, டிப்ஸ்டிக் ரப்பர் எல்லாம் சந்தேக லிஸ்ட்ல வரும். ஒரு எச்சரிக்கை: சில சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்கள்ல ஏர் ஃப்ளோ சென்சாரே கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வச்சுத்தான் கணக்கு. அதுல ட்ரிம் பெரிசா அசையாது, ஐடில் மட்டும் ஏறி நிக்கும். நெட்ல படிச்ச ஃபார்முலாவை அந்த வண்டியில போட்டுப் பார்த்துட்டு "லீக் இல்லை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

மாமா வண்டிக்கு வர்றேன். ஓபிடி சாக்கெட்ல ஒரு மலிவான ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போன்ல ஒரு செயலியைப் போட்டா போதும். பி0299ன்னு எரர் கோடு காட்டுச்சு, அதாவது டர்போ அழுத்தம் குறைவு. இந்தக் கோடைப் பார்த்ததும் டர்போவை மாத்தறவங்க இருக்காங்க. கோடு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: கேட்ட அழுத்தம் வரலை. ஏன் வரலைங்கிறதை அது சொல்லாது.

அதனால கோடை விட்டுட்டு எண்களைப் பாருங்க. கேட்ட அழுத்தம் எவ்வளவு, வந்த அழுத்தம் எவ்வளவுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மேட்டுல ஒருத்தர் ஓட்ட இன்னொருத்தர் பார்க்கணும். ஓட்டறவரே பார்க்கக் கூடாது, மலைப்பாதைங்க அது. கல்லாறு தாண்டி முழுசா மிதிச்சப்போ கம்ப்யூட்டர் 2.1 பார் கேட்டுச்சு, வந்தது 1.5. இது முழு அழுத்தம், வெளிக்காத்தையும் சேர்த்த கணக்கு. கடல்மட்டத்துல வெளிக்காத்தே 1 பார் இருக்கிறதால, 1.5ன்னா டர்போவோட பங்கு வெறும் அரை பார். மேலே போகப் போக இன்னும் மோசம். 2240 மீட்டர்ல இருக்கிற ஊட்டியில வெளிக்காத்து 0.78 பார் பக்கம்தான். அதே 2.1 வேணும்னா டர்போ அங்கே கூடுதலா உழைக்கணும். மலையில மட்டும் குறை தெரிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். ஹோஸ்ல ஓட்டையோட மாசக்கணக்குல ஓட்டினா என்ன ஆகும்? கேட்ட அழுத்தம் வரலைன்னு கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் இன்னும் விரட்டும். தப்பிச்சுப் போற காத்தையும் சேர்த்து அமுக்க வேண்டியிருக்கிறதால தண்டு தன் எல்லையைத் தாண்டிச் சுத்தும், பேரிங் தேயும். ஒருநாள் டர்போ நிஜமாவே போயிடும். அப்போ புது டர்போ போடுவாங்க, ஹோஸ் பழசே இருக்கும். புதுசும் போகும். "இந்தக் கம்பெனி டர்போவே சரியில்லை"ன்னு டீக்கடையில பேச்சு வரும்.

எண்ணைப் பார்த்தாச்சு, இனி கண்ணாலயும் கையாலயும். எங்க மெக்கானிக் அண்ணன் வண்டியை லிஃப்ட்ல ஏத்தினதும் முதல்ல டார்ச்சை அடிச்சது ஹோஸோட அடிப்பக்கம். "மேல பாத்தா எல்லாமே புதுசாத்தான் தெரியுமுங்க தம்பி, எண்ணெ கீழதானுங்க எறங்கும்"னார். எஞ்சினோட மூச்சுக்குழாய் வழியா வர்ற ஆயில் ஆவி எப்பவும் இந்த ஹோஸ்களுக்குள்ள மெலிசாப் படிஞ்சிருக்கும். அது தப்பில்லை. ஓட்டை இருக்கிற இடத்துல மட்டும் அந்த ஆயில் காத்தோட வெளியே தெளிச்சு, அதுல ரோட்டுப் புழுதி ஒட்டி, கறுப்பா ஒரு பிசுக்குத் திட்டு உருவாகும். சுத்தி எல்லாம் காய்ஞ்சு சாம்பல் நிறமா இருக்க, ஒரு இடம் மட்டும் ஈரமாக் கறுத்திருந்தா அங்கே துணியை வச்சுத் துடைங்க.

முன்சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் லைனரைக் கழட்டினதும், இன்டர்கூலருக்குப் போற கீழ் ஹோஸ்ல அந்தத் திட்டு இருந்துச்சு. துடைச்சும் ஓட்டை தெரியலை. நகத்தை வச்சு அழுத்தி ரப்பரை வளைச்சா, கிளாம்ப்போட விளிம்பை ஒட்டி ஒரு கோடு, உள்ளே வெள்ளையா நூல் துணி அடுக்கு எட்டிப் பார்த்துச்சு. விட்டா மறுபடி மூடிக்கிச்சு. ஹோஸ் முழுக்கப் பார்த்தாலும் அவ்வளவுதான் காயம்.

இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா ஒரு லீக் கிடைச்சா இன்னொண்ணு இல்லைன்னு அர்த்தம் இல்லையே. அழுத்தம் வச்சுப் பார்க்கலாம்னு சொன்னேன், அண்ணனும் ஆமான்னார்.

அதுக்கு உபகரணம் ஹார்டுவேர் கடையிலயே கிடைக்கும். டர்போ வாய்க்குப் போற குழாய்க்குள்ள இறுக்கமா நுழையற பிவிசி எண்ட் கேப், நடுவுல ஒரு ஓட்டை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு. அவ்வளவே. ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழட்டி வச்சுட்டு, அதுக்கு அடுத்த குழாய்ல கேப்பைச் செருகி கிளாம்ப் போட்டு, கம்ப்ரஸர்ல இருந்து ரெகுலேட்டர் வழியாக் காத்து கொடுக்கணும். 5 பிஎஸ்ஐல ஆரம்பிச்சு 10, மிஞ்சிப் போனா 15. வண்டி வழக்கமா எவ்வளவு அழுத்தத்துல ஓடுமோ அதைத் தாண்டக் கூடாது. கேப்புக்கு நேரா முகத்தை வச்சுக்காதீங்க. 60 மில்லிமீட்டர் கேப்ல 1 பார் வச்சா அதைத் தள்ளற விசை கிட்டத்தட்ட 29 கிலோ. கிளாம்ப் நழுவினா பாஞ்சு வரும். முடிச்சதும் காத்தை இறக்கிட்டுத்தான் கேப்பைத் தொடணும்.

நெட் வீடியோக்கள்ல பலர் விட்டுடற ஒரு விஷயம், எஞ்சினோட மூச்சுக்குழாய். அது கேப்புக்கும் டர்போவுக்கும் நடுவுல வந்து சேர்ற வண்டிகள்தான் அதிகம். அதை அடைக்காம காத்து கொடுத்தா, அழுத்தம் நேரா கிராங்க் கேஸுக்குள்ள போய் ஆயில் சீலைத் தள்ளிடலாம், டிப்ஸ்டிக் துள்ளி வெளியே வரலாம். அந்தக் குழாயைக் கழட்டி ரெண்டு முனையையும் மூடிடுங்க. இன்னொண்ணு, காத்து சைலன்சர் வழியாச் சீறினா பதறாதீங்க. ஏதோ ஒரு சிலிண்டர்ல ரெண்டு வால்வும் சேர்ந்து கொஞ்சம் திறந்திருக்கும். கிராங்க்கைக் கையால கொஞ்சம் திருப்பினா நிக்கும். நிக்கவே இல்லைன்னா, எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் இணைக்கிற ஈஜிஆர் வால்வு மூடாம கரி பிடிச்சு நிக்குதான்னு பாருங்க. ரிங் வழியாக் கொஞ்சம் காத்து எப்பவும் கசியும், அதைப் பூஜ்யமாக்க முடியாது.

பஞ்சர் கடையில டியூபைத் தண்ணித் தொட்டியில அமுக்கற வேலைதான் இது, எஞ்சினைத் தொட்டியில போட முடியாததால சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல எடுத்துக்கிட்டுப் போறோம். ஆல்டர்னேட்டர், ஒயர் கனெக்டர் பக்கம் தெளிக்காதீங்க. 8 பிஎஸ்ஐ வந்தப்போ கீழ் ஹோஸ் கிழிசல்ல இருந்து சோப்பு நுரையே நிக்காம தெறிச்சுச்சு, அவ்வளவு வேகம். அதைத் தற்காலிகமா இறுக்கிக் கட்டிட்டு மறுபடி அழுத்தம் வச்சா, இன்டர்கூலரோட பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய உடம்பும் சேர்ற மடிப்புல பொடிப்பொடியா நுரை பூத்துச்சு. இது சீறல் போடாத லீக், காதுக்குக் கேட்காது. ஹோஸை மட்டும் மாத்தி அனுப்பியிருந்தா இது உள்ளேயே இருந்திருக்கும்.

ஸ்மோக் மெஷின் பத்திக் கேட்பீங்க. நல்ல கருவிதான். மினரல் ஆயிலைச் சூடாக்கி வர்ற புகையை உள்ளே விட்டா, ஓட்டை வழியா வெளியே வரும். பெட்ரோல் எஞ்சின்ல வாக்குவம் பக்கத்து லீக்குக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா பெரும்பாலான மெஷின் ஒரு பிஎஸ்ஐ பக்கமாத்தான் ஊதும். எங்க ஹோஸ் மாதிரி அழுத்தம் வந்தா மட்டுமே வாய் திறக்கற கிழிசல் அதுல தப்பிச்சிடும். ஸ்மோக் டெஸ்ட் பாஸ்னு சொல்லிட்டு டர்போ எஸ்டிமேட் நீட்டினா, எத்தனை பிஎஸ்ஐல பார்த்தீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

கார்ப் கிளீனரை மேனிஃபோல்டு சுத்தித் தெளிச்சு ஐடில் மாறுதான்னு பார்க்கிறது பழைய பெட்ரோல் காலத்து வித்தை. டர்போ வண்டியில பக்கத்துலயே செக்கச்சிவந்த எக்ஸாஸ்ட் இருக்கும், தீப்பிடிக்கும். டீசல்ல வேண்டவே வேண்டாம். காத்தோட சேர்ந்து போற எந்த எரிபொருளையும் டீசல் எஞ்சின் எரிச்சுட்டு ஓடும், எகிறிடும்.

காத்து எங்கேயும் ஒழுகலை, ஆனாலும் அழுத்தம் வரலைன்னா? அப்பவும் டர்போவுக்குப் போகாதீங்க. டர்போவைக் கட்டுப்படுத்தற ஆக்சுவேட்டர் நிறைய டீசல் வண்டிகள்ல வாக்குவம்ல இயங்கும். வாக்குவம் பம்ப்ல இருந்து சோலனாய்டு வழியா அதுக்கு ஒரு பென்சில் மொத்த ஹோஸ் போகும். நம்ம ஊர் எலிகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், எதுக்குன்னு தெரியலை. கையால அமுக்கற வாக்குவம் பம்ப்பை அதுல மாட்டி இழுத்தா, ஆக்சுவேட்டர் கம்பி நகர்ந்து அங்கேயே நிக்கணும். நகர்ந்து திரும்பி வந்துட்டா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. நகரவே இல்லைன்னா கம்பியோ உள்ளே இருக்கிற இதழ்களோ கரியில இறுகியிருக்கு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவுல கேஸ்கெட் போயிருந்தாலும் சக்கரத்தைச் சுத்த வேண்டிய புகை வெளியே போயிடும். அங்கே கறுப்புக் கரி தெளிச்சிருக்கும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின உடனே 'டிக் டிக்'னு சத்தம் வரும், சூடானதும் குறைஞ்சுடும்.

இதையெல்லாம் தாண்டி, டர்போ வாய்ல விரலை விட்டுத் தண்டை ஆட்டிப் பார்த்து, சக்கரம் ஓட்டுல உரசினா, இதழ் முனை நெளிஞ்சிருந்தா, சரி, அப்போ மாத்துங்க. மாமா வண்டியில தண்டு ஆரோக்கியமா இருந்துச்சு.

ரிப்பேர்னு வந்தா, எம்-சீல், இன்சுலேஷன் டேப், சைக்கிள் டியூப் எல்லாம் வீடு வந்து சேர்றதுக்கு மட்டும். ஹோஸ் வாங்கும்போது ரேடியேட்டர் ஹோஸை அளவெடுத்து வெட்டிப் போட்டுத் தர்றேன்னு சொல்ற கடைக்காரர்கள் உண்டு. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர், ஆயில் பட்டா ஊறிப் போயிடும். பளபளன்னு கலர்ல வர்ற சாதா சிலிகான் ஹோஸ்லயும் ஆயில் கசிஞ்சு வேர்க்கும். டீசலுக்கு உள்பக்கம் ஃப்ளூரோசிலிகான் பூச்சு இருக்கிறதாக் கேட்டு வாங்குங்க, இல்லைன்னா கம்பெனி ஹோஸே போதும். இன்டர்கூலர் மடிப்பை ஒட்ட வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். சூடு ஏறி இறங்கற இடத்துல ஒட்டு நிக்காதுன்னு அதையும் மாத்தியாச்சு. ரெண்டும் சேர்ந்தும் டர்போ எஸ்டிமேட்டுக்குப் பக்கத்துலகூட வரலை.

மாத்தினதும் அதே ஏத்தத்துல அதே எண்களைப் பார்த்தோம்: கேட்டது 2.1, வந்தது 2.05. மாமாவுக்கு எண்ல ஆர்வம் இல்லை, பர்லியாறுல மூணாவது கியர் நின்னுச்சுங்கிறதுதான் அவருக்குச் சேதி. கோடை அழிச்சாச்சு, திரும்ப வரலை.

வேலை முடிஞ்ச வண்டிக்கு ஒண்ணு பாக்கி இருக்கும். புது ரப்பர் சூட்டுல ஒரு வாரம் ஓடினதும் கொஞ்சம் அமுங்கும், கிளாம்ப் தளரும். எஞ்சின் ஆறினப்போ ஒவ்வொரு கிளாம்ப்பையும் அரைத் திருகு இறுக்கிப் பாருங்க. வெறி வந்து இறுக்கினா பட்டையோட விளிம்பு ரப்பரை வெட்டும், மாமா ஹோஸ்ல கிளாம்ப் விளிம்பை ஒட்டியே கிழிஞ்சிருந்தது ஞாபகம் இருக்கட்டும். இதைச் செஞ்சு முடிக்கிற வரைக்கும் லைனரை மாட்டாதீங்க, அந்தப் பிளாஸ்டிக் கிளிப்புகள் ரெண்டாவது தடவை கழட்டினா பாதி உடைஞ்சிடும்.